ஒலிம்பியா வெளியே சாப்பிடப் போனாள்

பழிவாங்குவது கெட்ட குணம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அடிபட்டவரா, அடித்தவரா? கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். மன்னிப்பின் மகிமையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு யாரையும் மன்னிக்க வேண்டிய நிலைமை வந்ததே இல்லை. பிறர் தங்களை மன்னிக்க வேண்டிய நிலைமைதான் வந்திருக்கிறது.

அரெக்கிப்பா நகரத்தில், சச்சாக்கா போகிற சாலை ஓரம் இருக்கும் ஒரு வெள்ளைக்கல் வீட்டில் ஒலிம்பியா சிரினோஸ் பழிவாங்கினாள். கத்தியை எடுக்கவில்லை, விஷத்தைத் தொடவில்லை. கடைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்; சாப்பிட்டதை வீட்டுக்கு வந்து சொன்னாள். அவ்வளவுதான். அந்தத் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். அந்தப் பாதியில் சமைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை.

அவள் புருஷன் கார்மேலோ நெசவாலைக் கிடங்கில் வேலை பார்த்தவன். மதியச் சாப்பாட்டுக்கு அவனும் அவன் கூட்டாளி ஃபவுஸ்தோவும் தொனத்தீலாவின் பிக்கந்தேரியாவுக்குப் போய்விடுவார்கள். விறகடுப்பில் சமைக்கும் காரச் சாப்பாட்டுக் கடை அது. நடுவில் நீளமாக ஒரே மேஜை. நீதிபதியும் மூட்டை தூக்குகிறவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்து, ஒரே ஜாடியிலிருந்து கறுப்புச் சோளத்தில் ஊறிய சிச்சாக் கள்ளை ஊற்றிக்கொள்ளும் இடம்.

சாயங்காலம் கார்மேலோ வீட்டுக்கு வருவான். தொப்பியைக் கழற்றுவான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவான்.

"ஒலிம்பியா, இங்க வந்து நில்லு. கேட்டுக்கோ. இன்னிக்கு தொனத்தீலா கடையில ரொக்கோத்தோ சாப்பிட்டேன். இந்தா, இத்தன பெரிய சிவப்பு மொளகா. உள்ள கறி, வேர்க்கடல, ஆலிவ். மேல பாலாடைக்கட்டி உருகி வழியுது. ஒறப்பு நாக்குல வருது, கண்ணுல வருது, ஆனா நெஞ்சுல எரியல. அதான் கைப்பக்குவம். நாளைக்கு அந்த மாதிரி செய்."

அவள் அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை. கண்ணால் பார்க்காத, வாயில் வைக்காத ஒன்றை, அவன் வர்ணனையை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டும். கடவுளைப் படம் வரையச் சொல்லிவிட்டு, மூக்கு சரியில்லை என்று ஓவியனைத் திட்டுவதைப் போன்ற வேலை. மிளகாயின் விதையைச் சுரண்டி, சர்க்கரைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து, காரத்தை அடக்கி, அவன் சொன்னதையெல்லாம் அடைத்து வைப்பாள். அவன் ஒரு வாய் தின்பான்.

"இதுவா? இத தொனத்தீலா கடை நாய்கூட மோந்து பாக்காது."

சில நாள் அத்தோடு முடியும். சில நாள் தட்டு சுவரில் போய் விழும். வெள்ளைக்கல் சுவரில் எண்ணெய்க் கறை ஏறினால் லேசில் போகாது. அவள் முட்டி போட்டுத் தேய்ப்பாள்.

ஒரு தடவை கேட்டும் பார்த்தாள். "ஒரு ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போயேன் கார்மேலோ. ஒரு வாய் தின்னு பாத்தா அப்படியே செஞ்சிடுவேன்."

"வீட்டுல அடுப்ப வெச்சுக்கிட்டு வெளிய திங்கற பொம்பளைய ஊரு என்னன்னு சொல்லும் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை நிறையப் பெண்கள் உட்கார்ந்து தின்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடையை நடத்துவதே ஒரு பெண்தான். ஆனாலும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் அன்றைக்கு மலையில் பனி இருந்தது.

அந்த மலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மிஸ்தி எரிமலையின் உச்சியில் பனி விழுந்து, அந்தக் காற்று ஊருக்குள் இறங்கினால், மனிதர்களுக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வருமாம். நெவாடா என்று அதற்குப் பேர். ஒருவன் பெண்டாட்டியை அறைந்தால், "விடு, அவனுக்கு நெவாடா" என்பார்கள். கார்மேலோ வீட்டில் தட்டு உடையும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து மலையைப் பார்ப்பாள். இந்த வீட்டைப் பார்க்கமாட்டாள். பாதிரியார்கூட, "மலை அமைதியாகும்வரை பொறுத்துக்கொள், மகளே" என்று சொல்லி அனுப்பினார். ஏசுவோடு சேர்த்து எரிமலையையும் அவர் நம்பினார் போலிருக்கிறது.

இந்தப் பனி பெரிய படிப்பாளிப் பனி. யாரிடம் கோபம் வரலாம், யாரிடம் வரக்கூடாது என்று அதற்கு நன்றாகத் தெரியும். கார்மேலோவுக்கு நெசவாலை மேலாளர் முன்னால் ஒரு நாளும் நெவாடா வந்ததில்லை. தொனத்தீலா கடையில் வந்ததில்லை. வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் வந்துவிடும். அதைவிட வேடிக்கை, பனியே விழாத மாதங்களிலும் வந்தது. யாரும் சரிபார்க்கவில்லை. ஆணின் கோபத்துக்கு ஊரார் ஒரு மலையையே சாட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள்.

இப்படியே அவர்களுடைய மகள் வளர்ந்து, கல்யாணமாகி, லீமாவுக்குப் போனாள். கார்மேலோ ஓய்வு பெற்றான். ஒரு நாள் காலையில் கழுவு தொட்டியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். குடல்புண். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மருத்துவர் ஒலிம்பியாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "காரம் கூடாது, பன்னிக்கறி கூடாது, சிச்சா கூடவே கூடாது. ரத்தக் கொதிப்பும் இருக்கு, அதனால உப்பும் ஆகாது. வேகவெச்ச கோழி, உருளக்கெழங்கு, சூப்பு. அவரு உசுரு இனிமே உங்க கையிலதான் இருக்கு, செஞ்ஞோரா."

ஒலிம்பியா அந்த வார்த்தையை இம்மியும் மீறவில்லை. வேளை தவறாமல் சூப் வைத்தாள். சூடு பார்த்துக் கொடுத்தாள். அவனைச் சாகடிக்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. செத்தவனுக்குக் காது கேட்காது.

அவன் படுத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூலிக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவள் தொனத்தீலாவின் கடைக்குள் நுழைந்தாள். மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓக்கோப்பா கேட்டாள்; ரொக்கோத்தோவைப் போலவே அதையும் அவன் வீட்டில் செய்யச் சொல்லித் திட்டியிருக்கிறான். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல், வேர்க்கடலையும் மஞ்சள் மிளகாயும் காட்டுப் புதினா வாசம் வீசும் ஒரு தழையும் சேர்த்துக் கல்லில் அரைத்த பச்சைக் குழம்பை ஊற்றித் தருவார்கள். இத்தனை வருஷமாக எதற்காகத் திட்டு வாங்கினாளோ, அது தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வாய் வைத்தாள். நிதானமாக மென்றாள். இன்னொரு வாய்.

நல்ல ஓக்கோப்பாதான். ஆனால் பால் ஒரு கரண்டி அதிகம், கடலையை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம். அவளுடையது இதைவிட நன்றாக இருக்கும்.

"என்ன, பிடிக்கலையா?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் தொனத்தீலா. தோளும் தொண்டையும் பெரிய பெண். "உன் மூஞ்சிய இங்க பாத்ததே இல்லையே. எந்தப் பக்கம்?"

"பக்கத்துலதான். கார்மேலோவோட பொண்டாட்டி."

தொனத்தீலா கையிலிருந்த அகப்பையை மேஜையில் வைத்தாள்.

"அடிப்பாவி, நீதானா அது! உன்னால எனக்கு எத்தன வருஷ வயித்தெரிச்சல் தெரியுமா? என் ரொக்கோத்தோவத் தின்னுட்டு, இந்த மேஜையில ஒக்காந்து, ஊரே கேக்க அந்தாளு சொல்லுவான்: 'தொனத்தீலா, நீ என் பொண்டாட்டிகிட்ட வந்து பாத்திரம் கழுவு, அப்பதான் உனக்குச் சமையல் வரும்'னு. 'ஒலிம்பியா கையால ஒரு ஓக்கோப்பா தின்னா செத்தவன் எந்திரிச்சு ஒக்காருவான்'னு. நீதிபதிகூட ஒரு தடவ, 'அந்தம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, கையத் தொட்டுக் கும்பிடணும்'னாரு."

ஒலிம்பியா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னப் பத்தியா சொன்னான்?"

"பின்ன, உங்கூட்டுல வேற ஒலிம்பியாவா இருக்கா?"

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு மனசு இளகியிருக்கும். பார்த்தாயா, உள்ளுக்குள் எவ்வளவு பிரியம் வைத்திருந்தான், வெளியே காட்டத் தெரியாத மனிதன் என்று தோன்றியிருக்கும். தயவுசெய்து அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். காட்டத் தெரியாதவன் இல்லை அவன். மேஜை நிறைய ஆட்களிடம் காட்டினான். காட்ட வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் மறைத்தான். அங்கே அவளைப் புகழ்ந்து தொனத்தீலாவை மட்டம் தட்டினான். வீட்டில் தொனத்தீலாவைப் புகழ்ந்து அவளை மட்டம் தட்டினான். இரண்டு பெண்கள் சந்தித்துக்கொள்ளாத வரைக்கும் அவன் இரண்டு இடத்திலும் ராஜா. அவளுக்குச் சேர வேண்டிய நல்ல வார்த்தைகளை ஒரு ஆயுள் முழுக்கத் திருடி, கள்ளுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறான். இதற்குப் பேர் பிரியமா?

தட்டு பறந்தபோதுகூட ஒலிம்பியா அவனை இப்படி வெறுத்ததில்லை. தன் சமையல் மோசம் என்று நம்பியிருந்தாள்; பொறுத்துக்கொண்டாள். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது, பொறுமையும் கூடவே போய்விட்டது. அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஊராரிடம் சொன்னதை அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"கார்மேலோ, கேட்டுக்கோ. இன்னிக்கு தொனத்தீலா கடையில ஓக்கோப்பா சாப்பிட்டேன்."

அவன் கரண்டி பாதி வழியில் நின்றது. "நீயா? எதுக்குப் போன?"

"பசிச்சுது. குழம்பு அப்படியே கெழங்கு மேல போர்வை மாதிரி மூடியிருக்கு. மேல ஒரு துண்டு பாலாடைக்கட்டி. கெழங்கு கரண்டி பட்டதும் மாவா உதிருது. அப்புறம் மொளகா மெதுவா..."

"போதும்."

"...மெதுவா தொண்டையில எறங்குது. நீ அவங்ககிட்ட என்னப் பத்தி என்ன சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல."

"சரி. சூப்பு ஆறுது."

அடுத்த வாரம் ஆற்று இறால் சூப்பைத் தின்றுவிட்டு வந்தாள். இறாலின் தலையை உறிஞ்சும்போது வரும் ஆரஞ்சு நிறச் சாற்றை அவன் முன்னால் விரலை நக்கிக்காட்டி விவரித்தாள். ஒரு நாள் மொச்சையும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் வினிகரில் புரட்டிய சாலட். கடைத்தெரு மூலையில் புதிதாகத் திறந்த காப்பிக்கடையில், லவங்கப்பட்டை தூவிய தேங்காய்ப்பால் ஐஸைக்கூட விடவில்லை. ஒவ்வொரு விவரணைக்கும் முடிவில் அதே கேள்வி. அவனிடம் அதே பதில். இளைத்துப்போனான். கன்னம் ஒட்டியது. தூக்கத்தில் வாயை மென்றான்.

ஃபவுஸ்தோ சமாதானம் பேச வந்தான். மகளுக்கு ஞானத்தகப்பன் என்பதால் கொமாத்ரே என்று உரிமையோடு கூப்பிடுவான்.

"கொமாத்ரே, பாவம், எலும்பாப் போயிட்டான். நீங்க போற இடம் போங்க, திங்கறத தின்னுங்க. வந்து சொல்லாதீங்க. மனசுக்குள்ள உங்க மேல அவ்ளோ மரியாத வெச்சிருக்கான்."

"மனசுக்குள்ளயா? தட்டு மட்டும் மனசுக்குள்ள பறக்கலையே ஃபவுஸ்தோ?"

ஃபவுஸ்தோ தொப்பியைச் சுற்றினான். "அது நெவாடா."

"நீயும் அந்த மேஜையிலதான ஒக்காந்திருந்த? அவன் என்னப் புகழ்ந்தப்ப எல்லாம் சிரிச்சல்ல? வீட்டுக்கு வர்றப்ப ஒரு தடவ, 'கொமாத்ரே, உங்க புருஷன் இப்படிச் சொல்றான்'னு சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

ஃபவுஸ்தோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். அவன் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு எப்போது வந்தது?

அரெக்கிப்பாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் அதோபோதான். சிச்சாவின் அடி மண்டியில் ஊறவைத்த பன்றிக்கறியை மண்சட்டியில் விடிய விடிய வேகவைத்திருப்பார்கள். ஊரே ரொட்டியோடு அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு ஞாயிறு, பசியும் வாசமும் சேர்ந்து துரத்த, கார்மேலோ தடியை ஊன்றிக்கொண்டு ஃபவுஸ்தோவின் கையைப் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டான். ஒலிம்பியா பூசைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் பூசையை எப்போதோ விட்டுவிட்டாள். மேஜையின் நடுவில் உட்கார்ந்து, மூன்று முனை ரொட்டியைப் பிய்த்து அதோபோவின் சிவப்புச் சாற்றில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வை, தொனத்தீலா" என்றான் கார்மேலோ, பெண்டாட்டியைப் பார்க்காத மாதிரி.

தொனத்தீலா உள்ளே போனாள். வந்தாள். அவன் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். நிறமில்லாத தண்ணீரில் கோழித்துண்டு ஒன்று மிதந்தது.

"இது என்ன?"

"உன் அதோபோ. உப்பில்ல, காரமில்ல. என் கடையில ரத்தம் கக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

மேஜையில் சிரிப்பு ஓடியது. ஒலிம்பியா தலையை நிமிர்த்தினாள்.

"நீ சொல்லு கார்மேலோ. எல்லாரும் இருக்காங்க. என் ஓக்கோப்பாவப் பத்தி இவங்ககிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லிடு. சொன்னா, என் தட்டுலருந்து ஒரு துண்டு ரொட்டி தொட்டுத் தர்றேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு வாக்கியம். அவனுக்கு மனப்பாடமான வாக்கியம். அந்த மேஜையிலேயே நூறு தடவை சொன்னது. கார்மேலோவின் முகம் சிவந்தது. கை தானாகத் தட்டுக்குப் போனது. தட்டு பறந்து சுவரில் மோதியது. சூப் வழிந்து ஒரு பஸ் ஓட்டுநரின் சட்டையில் சொட்டியது.

வீட்டுக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்ததை முதல் தடவையாக ஊர் தன் கண்ணால் பார்த்தது.

"நெவாடா" என்றான் கார்மேலோ, மூச்சு வாங்க. "காலையிலருந்தே நெவாடா."

"ஆமா, ஆமா, நெவாடா" என்று ஃபவுஸ்தோவும் சேர்ந்துகொண்டான்.

"தொனத்தீலா, அந்தக் கதவத் தொற" என்றாள் ஒலிம்பியா.

கதவு திறந்தது. சோள வயலுக்கு அப்பால், கழுவிவிட்ட நீல வானத்தில், மிஸ்தி மொட்டைத் தலையோடு வெயில் காய்ந்துகொண்டு நின்றது. மேகம் இல்லை. பொட்டுப் பனி இல்லை. மேஜையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"எங்கய்யா பனி?" என்றார் சட்டை நனைந்த பஸ் ஓட்டுநர். "உன் தட்டுல மட்டும் விழுந்துச்சா?"

கடை அதிர்ந்தது. பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் குறைவு, கணக்குத் தீர்ப்பது அதிகம். சில ஆண்கள் சிரிக்காமல் குனிந்து தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

தொனத்தீலா ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். "இங்க கொட்டுனவன் தொடைக்கணும். நீதிபதியே தொடச்சிருக்காரு."

கார்மேலோ ஃபவுஸ்தோவைப் பார்த்தான். ஃபவுஸ்தோ மலையைப் பார்த்தான். கார்மேலோ முட்டி போட்டுச் சுவரைத் தேய்த்தான். ஒலிம்பியா ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். ஒரு வாயைக்கூட அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், கார்மேலோ சூப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். "உன் ரொக்கோத்தோ மாதிரி யாராலயும் செய்ய முடியாது."

"இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு? சுவரா? அங்க வந்து சொல்லு."

சில ஞாயிறுகள் போயின. ஒரு ஞாயிறு வந்தான். மேஜையருகே நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் சமையலைவிட நல்ல சமையலைத் தான் தின்றதில்லை என்றும், அது தனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்றும், தெரிந்தேதான் தட்டை வீசியதாகவும் சொன்னான். கடைசி வரியைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

எல்லோரும் ஒலிம்பியாவைப் பார்த்தார்கள். அழுவாள், எழுந்து கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தார்கள். ஃபவுஸ்தோ கைதட்டக்கூடத் தயாராக இருந்தான்.

"கேட்டாச்சு" என்றாள் அவள். "ஒக்காரு. தொனத்தீலா, அவனுக்குச் சூப்பு குடு. எனக்கு இன்னும் கொஞ்சம் கறி."

மகள் லீமாவிலிருந்து போனில் கேட்டாள். "இப்பவாவது அப்பாவ மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல."

"அவருதான் சொல்லிட்டாரே."

"திருடுனதத் திருப்பிக் குடுத்தவனுக்கு மாலையா போடுவாங்க? சூப்பு போடறேன். அது போதும்."

இன்றைக்கும் அவள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே சாப்பிடுகிறாள். வந்து எதிரே உட்கார்ந்து சொல்கிறாள். அவன் கேட்கிறான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை ஓட்டலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன், "என்ன இருந்தாலும் என் பெண்டாட்டி சமையல் மாதிரி வராது" என்று பெருமையடித்தால், சிரித்து வைக்காதீர்கள். இதை அவளிடம் சொன்னாயா என்று கேளுங்கள். இல்லை என்றால், அவன் தட்டை உங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டு, எழுந்து போய் இப்போதே சொல்லிவிட்டு வா என்று அனுப்புங்கள்.